பெயர் எழுதாத கேசட்

என் வீட்டு அலமாரியின் மேல்தட்டில் ஒரு பழைய பிஸ்கட் டின் இருக்கிறது. அதற்குள் பதினாறு கேசட்டுகள். முனைவர் பட்டத்துக்காக 2003 முதல் 2005 வரை திருப்பூர், ஊத்துக்குளி, காங்கயம், பல்லடம் பக்கமெல்லாம் பேருந்தில் அலைந்து பதிவு செய்தவை. ஒவ்வொன்றின் மேலும் ஊர், தேதி, பாட்டு வகை ஆகியவற்றை எழுதி ஒட்டியிருக்கிறேன். ஒன்பதாவது கேசட்டில் இப்படி இருக்கிறது: “ஊத்துக்குளி. 13-6-2004. தொழில் பாட்டு (பனியன்). பெண், 41.”

பாடியவரின் பெயர் இல்லை.

அன்று ஞாயிற்றுக்கிழமை. அவர் ஒரு பனியன் கம்பெனியில் செக்கிங் வேலையில் இருந்தார். தைத்து வரும் துணியை வெளிச்சத்தில் விரித்து ஓட்டை, கறை, தையல் விட்ட இடம் பார்த்துத் தள்ளுகிற வேலை. வாரத்தில் மற்ற நாட்களில் அவரைப் பிடிக்க முடியாது. திண்ணையில் உட்கார்ந்து, மடியில் கவிழ்த்துப் போட்ட அலுமினியச் சட்டியில் விரலால் தட்டிக்கொண்டே பதினொரு பாட்டுப் பாடினார். வேறு வாத்தியம் எதுவும் கிடையாது. சில பாட்டுகள் கும்மி மெட்டில் போகும், சில ஒப்பாரியின் இழுவையில் போகும். எல்லாமே கம்பெனியைப் பற்றியவை. ஓவர்லாக் ஊசி விரலில் ஏறியது, முதல் பஸ்ஸைத் தவறவிட்டால் அரை ஷிப்ட் போவது, பனியன் கழுத்தில் தைக்கிற லேபிளில் இருக்கும் ஊர்ப்பெயரை வாசிக்கத் தெரியாமல் அதற்குத் தன் ஊர்ப்பெயரையே வைத்துக்கொண்டது.

பாடப்புத்தகத்தில் படித்த கேள்வியைக் கேட்டேன். “இதெல்லாம் யாருகிட்டக்கா கத்துக்கிட்டீங்க?”

“யாருகிட்டயும் இல்ல அம்மிணி. நானே கட்டுனது. மிசின் சத்தத்துல வாய் சும்மா கெடக்குமா?”

இந்தப் பதில் கேசட்டில் தெளிவாகப் பதிவாகியிருக்கிறது. அதற்கடுத்து என் குரல், “ம்ம்” என்கிறது. அப்புறம், “இதுக்கு முன்னாடி உங்க அம்மா, பாட்டி யாராவது பாடுவாங்களா?” என்று கேட்கிறது. இருபது வருடம் கழித்துக் கேட்கும்போது அந்த “ம்ம்”மில் எனக்குக் கூச்சமாக இருக்கிறது. அவர் சொன்னதை நான் நம்பவில்லை. நம்பாதது கெட்ட எண்ணத்தால் அல்ல. நாட்டுப்புறப் பாடலுக்கு ஆசிரியர் கிடையாது, அது சமூகத்தின் படைப்பு என்று நான் தேர்வில் எழுதி மதிப்பெண் வாங்கியிருந்தேன். ஆய்வேட்டின் முதல் இயலிலும் அதையே எழுதினேன். பின்னிணைப்பில் “தகவலாளர் பட்டியல்” என்று ஒன்று உண்டு. அதில் இருபத்தேழாவதாக அவர் பெயர், வயது, சாதி, படிப்பு, தொழில் எல்லாம் வரிசையாக இருக்கின்றன. பாட்டைச் சொன்னவராகத்தான் அவர் அதில் இருக்கிறார், கட்டியவராக அல்ல.

அடுத்த வருடம் கேசட்டுக்கு ஒரு பிரதி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “எம் பேரு போட்டிருக்கியா அம்மிணி?” என்றார். புத்தகத்தில் வரும் என்றேன்.

சினிமா கேசட் அட்டையைப் பார்த்துப் பழகிய கண் அது. இசை இவர், பாடல் இவர், பாடியவர் இவர் என்று அச்சிட்டிருப்பது அவருக்குத் தெரியும். அட்டையில் பெயர் இருந்தால்தான் அது கேசட். நான் கொடுத்தது அவர் கண்ணுக்குப் பாதிக் கேசட்டாகத்தான் தெரிந்திருக்கும்.

கேசட் என்ற பொருள் எங்களுக்கு என்னவாக இருந்தது என்பதை இன்றைய மாணவிகளுக்குக் கொஞ்சம் சொல்ல வேண்டியிருக்கிறது. பிலிப்ஸ் நிறுவனம் 1963இல் இதைக் கொண்டுவந்தது. இந்தியாவில் வீதி வீதியாகப் பரவியது 1980களில். அதற்கு முன்பு இசைத்தட்டுக் காலம். தட்டு அச்சடிக்க ஆலை வேண்டும், ஆலை பெரிய கம்பெனியிடம் இருந்தது, யார் பாடலாம் என்பதை அதுவே முடிவு செய்தது. கேசட்டுக்கு ஆலை வேண்டாம். ஒரு மைக், இரண்டு டெக், ஒரு சின்ன அறை போதும். சின்ன ஊர்களில்கூடக் கேசட் போடுகிறவர்கள் முளைத்தார்கள். பீட்டர் மேனுவல் என்ற இசை ஆய்வாளர் வட இந்தியாவில் நடந்த இந்த மாற்றத்தைக் ‘கேசட் கல்ச்சர்’ என்று 1993இல் ஒரு நூலாகவே எழுதினார். தமிழ்க் கிராமத்தில் ஒலிபெருக்கியில் பக்திக் கேசட் போடுவதே ஒரு வழிபாட்டுச் செயலாக இருப்பதைப் பால் கிரீன் 1999இல் ஆராய்ந்து எழுதினார். ஆடி மாதம் எல்.ஆர். ஈஸ்வரியின் குரலில் கண்விழித்த யாரும் அதற்கு ஆய்வு தேவையா என்று கேட்கலாம். தேவைதான்.

திருப்பூரில் எங்கள் தெருமுனையில் ஒரு ரெக்கார்டிங் கடை இருந்தது. வேண்டிய பாட்டுகளைத் துண்டுச்சீட்டில் எழ்தி, காலிக் கேசட்டோடு கொடுத்தால் இரண்டு நாளில் பதிவு செய்து தருவார்கள். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் கம்பெனிப் பெண்கள் சீட்டோடு அங்கே நிற்பார்கள். யாருக்கு எந்தப் பாட்டுக்கு அப்புறம் எந்தப் பாட்டு என்கிற ஒழுங்கு அந்தச் சீட்டில் இருக்கும். அதுவும் ஒரு தொகுப்புதான். ஆனால் அதில் இருந்ததெல்லாம் சினிமாப் பாட்டு. தாங்களே கட்டியதை அங்கே கொண்டுபோய்ப் பதிவு செய்யலாம் என்று யாருக்கும் தோன்றியதாகத் தெரியவில்லை.

மேற்கில் அப்படித் தோன்றிய பெண்கள் உண்டு. 1973இல் வாஷிங்டனில் சில பெண்கள் கூட்டாகச் சேர்ந்து ஒலிவியா ரெக்கார்ட்ஸ் என்று ஒரு நிறுவனம் தொடங்கினார்கள். பாட்டெழுதுவது, பாடுவது, பதிவு செய்வது, விற்பது எல்லாவற்றையும் பெண்களே செய்ய வேண்டும் என்பது அவர்கள் கணக்கு. 1975இல் அவர்கள் வெளியிட்ட கிரிஸ் வில்லியம்சனின் ‘தி சேஞ்சர் அண்ட் தி சேஞ்ச்டு’, சுயேச்சை நிறுவனங்களின் வெளியீடுகளில் மிக அதிகமாக விற்றவற்றில் ஒன்று. தன்பாலின ஈர்ப்பாளர்களுக்கு எதிராக அனிதா பிரையன்ட் என்ற பாடகி இயக்கம் நடத்தியபோது, 1977இல் ‘லெஸ்பியன் கான்சன்ட்ரேட்’ என்று பல பெண்களின் பாட்டுகளைத் தொகுத்து வெளியிட்டார்கள். பிரையன்ட் ஆரஞ்சுப் பழச்சாறு விளம்பரத்தில் வந்தவர் என்பதால் அட்டையில் பழச்சாறு டப்பா. 1981இல் இங்கிலாந்தில் என்.எம்.இ. என்ற இசை இதழ் ரஃப் ட்ரேட் நிறுவனத்தோடு சேர்ந்து சி81 என்ற தொகுப்புக் கேசட்டை வெளியிட்டது. பெரிய கம்பெனிகளுக்கு வெளியே இருந்தவர்களின் பாட்டுகளை ஒரே கேசட்டில் கேட்க அது வழி செய்தது. ஒலிவியாவைப் பற்றி நான் படித்தது ஆய்வேட்டைக் கட்டிக் கொடுத்து நெடுநாள் கழித்துத்தான். முன்பே படித்திருந்தால் ஊத்துக்குளித் திண்ணையில் வேறு கேள்வி கேட்டிருப்பேனோ என்னவோ.

தமிழில் சுயேச்சையான கேசட் என்றால் அது இயக்கத்தின் கேசட். பொதுக்கூட்ட மேடைக்குப் பக்கத்தில் தார்ப்பாய் விரித்துப் புத்தகம் விற்பார்கள், புத்தகங்களுக்கு நடுவே கேசட்டுகளும் இருக்கும். பறை, தவில், ஒரு குரல், பின்பாட்டுக்கு நான்கு பேர். சினிமாக் கம்பெனிகளின் தயவு வேண்டாத, தானே எழுதித் தானே பாடுகிற மரபு நமக்கு அந்தத் தார்ப்பாயில்தான் வளர்ந்தது. கே.ஏ. குணசேகரன் தன்னானே கலைக்குழுவோடு ஊர் ஊராகப் பாடினார், அந்தக் குரல் கேசட்டுகளில் வீடுகளுக்குள் வந்தது. இன்குலாப் எழுதிய ‘மனுசங்கடா’வை அவர் பாடிக் கேட்டவர்களுக்கு அந்தப் பாட்டு வேறு குரலில் ஒட்டாது. இருவருமே 2016இல் மறைந்தார்கள். மதுரை அரசரடியில் தமிழ்நாடு இறையியல் கல்லூரியில் இருந்த தியாப்பிலஸ் அப்பாவு, பரட்டை அண்ணன் என்ற பெயரில் கிராமத்து மெட்டில் பாட்டுக் கட்டினார். சாதியையும் வறுமையையும் பாடிய அந்த வழிபாட்டுப் பாடல்களும் கேசட்டில் பரவின. மக்கள் கலை இலக்கியக் கழகம் கேசட் கேசட்டாக வெளியிட்டது. அதன் பாடகர் கோவன் 2015 அக்டோபரில் டாஸ்மாக் எதிர்ப்புப் பாட்டுக்காகத் தேசத்துரோக வழக்கில் கைதானார். யார் பாட்டு என்பது காவல்துறைக்குக்கூடத் தெரிந்திருந்தது.

நான் சொல்ல வருவது இந்த இடம்தான். ‘மனுசங்கடா’வை யாரும் நாட்டுப்புறப் பாடல் என்று சொல்வதில்லை. அதன் மெட்டு மண்ணில் இருந்து வந்ததுதான், ஊரெல்லாம் வாய்வழியாகப் பரவியதுதான். ஆனாலும் எழுதியவர் இன்குலாப், பாடியவர் குணசேகரன் என்று எல்லோருக்கும் தெரியும். கட்டியவர் ஆணாக இருந்து, மேடையில் ஏறி, அட்டையில் பெயரும் வந்துவிட்டால் அது புரட்சிப் பாடல், மக்கள் பாடல். அதே மெட்டில் செக்கிங் மேசையில் நின்று ஒரு பெண் கட்டினால் அது நாட்டுப்புறப் பாடல், ஆசிரியர் இல்லை.

இந்தப் பழக்கம் கேசட்டுக்கு முந்தியது. தமிழில் நாட்டுப்புறப் பாடல்களைத் தொகுத்த முன்னோடி நூல்களின் தலைப்புகளைப் பாருங்கள். மு. அருணாசலம் ‘காற்றிலே மிதந்த கவிதை’ என்று வைத்தார். மக்வீன் என்ற வெள்ளைக்கார அதிகாரி சேகரித்து வைத்திருந்ததை கி.வா. ஜகந்நாதன் 1958இல் ‘மலையருவி’ என்று பதிப்பித்தார். தொகுத்தவர் பெயர் அட்டையில் இருக்கிறது, சேகரித்த வெள்ளைக்காரர் பெயரும் நமக்குத் தெரிகிறது. பாடியவள் மட்டும் காற்றாகவும் அருவியாகவும் ஆகிவிட்டாள். அழகான தலைப்புகள்தான். என் முதல் கவிதைத் தொகுப்புக்கு இப்படி ஒரு தலைப்புக் கிடைக்காதா என்று ஏங்கியிருக்கிறேன். ஆனால் நாற்று நட்டுக்கொண்டே அடுத்த அடிக்கு எதுகை தேடுவது மூளை உழைப்பு. காற்றுக்கு அந்த வேலை இல்லை.

ஆண்கள் பாடியதற்கு இது நேரவில்லை. எங்கள் பகுதியிலேயே உதாரணம் இருக்கிறது. கனடாவைச் சேர்ந்த மானிடவியலாளர் பிரெண்டா பெக் 1965இல் காங்கயம் பக்கம் ஓலப்பாளையத்தில் தங்கி, அண்ணன்மார் கதையை உடுக்கையடிப் பாட்டாக ஒலிநாடாவில் பதிவு செய்தார். பிற்பாடு அச்சிலும் கொண்டுவந்தார். பாடிய ஆண்களின் பெயர்கள் அதில் உண்டு. அந்தக் கதை அவர்கள் இட்டுக்கட்டியதும் அல்ல, தலைமுறையாக வந்தது. வந்த கதையைப் பாடிய ஆணுக்குப் பெயர் இருக்கிறது. சொந்தமாகக் கட்டிய பெண்ணுக்கு, முப்பத்தொன்பது வருடம் கழித்து, அதே வட்டாரத்தில், ஒரு பெண் ஆய்வாளரான நான் கொடுத்தது எண் 27.

பரட்டை அண்ணனைப் பற்றி ஒரு சொல். அவரைப் பற்றி 2014இல் விரிவான நூல் எழுதிய ஸோயி ஷெரினியன் ஒரு விஷயத்தை வற்புறுத்துகிறார். தன் பாட்டைப் பாடுகிறவர்கள் அதை மாற்றிக்கொள்ளலாம், தங்களுக்கு ஏற்றபடி மறுபடி படைத்துக்கொள்ளலாம் என்பதே கிராமிய இசையின் பலம் என்று அப்பாவு கருதினார். பாட்டு ஒருவர் சொத்தல்ல என்ற நிலைப்பாடு. என் வகுப்பில் இதைச் சொன்னபோது ஒரு மாணவி எழுந்து, “அப்படின்னா அந்த அக்கா பாட்டுக்கும் பேரு வேண்டாமே மேடம்?” என்றாள். நல்ல கேள்வி. பெயர் உள்ளவர் அதை விட்டுக்கொடுக்கலாம், அது பெருந்தன்மை. பெயரே தராமல் பறித்துவிட்டு, பார் இது பொதுச் சொத்து என்றால் அதற்கு வேறு பெயர்.

பெயர் கிடைத்த பெண்களும் இருந்தார்கள். கொல்லங்குடி கருப்பாயி வானொலியில் பாடிக்கொண்டிருந்தவர், 1985இல் ‘ஆண் பாவம்’ படத்தில் வந்த பிறகுதான் நாடறிந்தார். பரவை முனியம்மாவுக்கு 2003இல் ‘தூள்’ வர வேண்டியிருந்தது. சினிமா கைதூக்கிவிட்டால் பெயர், இல்லாவிட்டால் தகவலாளர். விஜயலட்சுமி நவநீதகிருஷ்ணன் கல்விப்புலத்தில் இருந்துகொண்டே பாட்டுகளைத் தேடித் தொகுத்தார், மேடையில் பாடினார், கேசட்டாகவும் தந்தார். ஆய்வாளரும் பாடகியும் ஒரே ஆளாக இருந்தது அபூர்வம். எனக்குக் குரல் இல்லை, அந்த வழியும் அடைபட்டது.

இயக்கப் பாட்டுகளுக்குள் பெண்கள் இல்லையா என்றால், நிறையவே இருக்கிறார்கள், பாட்டின் பொருளாக. 1990களின் தொடக்கத்தில் புதுக்கோட்டை அறிவொளி இயக்கத்தில் கிராமத்துப் பெண்கள் சைக்கிள் கற்றுக்கொண்டது நம் வரலாற்றின் பெரிய நிகழ்ச்சிகளில் ஒன்று. பொதுவில் ஓட்டிக் காட்டும் போட்டிகளில் 70,000க்கும் மேற்பட்ட பெண்கள் கலந்துகொண்டதாக பி. சாய்நாத் எழுதுகிறார். அவர்களின் கீதமாகிவிட்ட சைக்கிள் பாட்டைக் கட்டியவர் முத்து பாஸ்கரன் என்ற ஆண் தொண்டர் என்பதையும் அவரே பதிவு செய்கிறார். அருமையான பாட்டு. நானும் பாடியிருக்கிறேன். அண்ணன் தங்கைக்குச் சொல்கிற பாட்டு அது. ஓட்டிய தங்கைகளில் ஒருத்திகூடத் தானாக ஒரு பாட்டுக் கட்டாமலா இருந்திருப்பாள்?

திருப்பூருக்கு வருகிறேன். 1984இல் இங்கே பஞ்சப்படிக்காக 127 நாள் வேலைநிறுத்தம் நடந்தது. எனக்கு அப்போது நான்கு வயது. அம்மா அடுப்பில் கம்மங்கூழ் மட்டும் கிண்டிய நாட்கள் என்று பின்னால் கேட்டுத் தெரிந்துகொண்டேன். கேட் மீட்டிங், ஊர்வலம், பாட்டு. அந்தக் காலத் தையல் தொழிலாளர்கள் பெரும்பாலும் ஆண்கள். அதற்குப் பிறகு ஏற்றுமதி பெருகியது, வேலை சின்னச் சின்ன யூனிட்டுகளாகச் சிதறியது, பெண்கள் ஆயிரக்கணக்கில் உள்ளே வந்தார்கள். ஷராத் சாரி தன் ‘ஃபிரட்டர்னல் கேபிடல்’ நூலில் (2004) இந்த மாற்றத்தை விரிவாகச் சொல்கிறார். தொழிற்சாலை பெண்களுடையதாக மாறிய பிறகும் கேட்டுக்கு வெளியே போட்ட மேடை ஆண்களுடையதாகவே இருந்தது. ஷிப்ட் முடிந்ததும் ஆண் மேடைக்குப் போவான், பெண் ரேஷன் கடைக்கோ அடுப்புக்கோ போவாள். பாட்டு அவள் வாயில் பிறந்து, மிசின் சத்தத்தில் கலந்து, பக்கத்து மேசையோடு முடிந்துவிடும்.

நேரம் மட்டுமே காரணம் என்று நினைத்தேன். ஒன்பதாவது கேசட்டின் ஏழாவது பாட்டைத் திரும்பக் கேட்டபோது வேறொன்றும் பிடிபட்டது. அந்தப் பாட்டு அவர் கணவரைப் பற்றியது. அவர் சங்கத்தில் முன்னணியில் நின்றவர். எட்டு மணி நேர வேலை, எட்டு மணி நேர ஓய்வு என்று கேட்டில் முழங்கிவிட்டு, இரவு பதினொரு மணிக்கு வந்து சுடுதண்ணி கேட்கிறார். மனைவிக்கு எத்தனை மணி நேர வேலை என்பதற்கு அவரிடம் கணக்கு இல்லை. மூன்றாவது கண்ணியில் அவர் தன்னை மீறிச் சிரித்துவிடுகிறார், சட்டித் தாளம் தவறுகிறது, எடுத்துக் கூட்டி மறுபடி தொடங்குகிறார். முதலாளியைத் திட்டுகிற பத்துப் பாட்டையும் ஏதாவது ஓர் இயக்கக் கேசட்டில் சேர்த்திருக்கலாம். ஏழாவதை எந்தத் தார்ப்பாயில் வைத்து விற்பார்கள்? சந்தையிடம் கைகட்டி நிற்காத கேசட்டுகள்தான் அவை, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தச் சுதந்திரம் வீட்டு வாசல்வரைதான் வந்தது. ஒலிவியாவின் பெண்கள் பதிவு மேசையையும் தாங்களே பிடித்துக்கொண்டது ஏன் என்று எனக்கு அப்போதுதான் புரிந்தது.

நான் மட்டும் என்ன செய்தேன்? அந்தப் பாட்டை “எள்ளல் பாடல்கள்” என்ற தலைப்பில் கணவன்–மனைவி கேலியாக வகைப்படுத்தினேன். வாய்மொழித் தேர்வில் ஒருவர்கூட அதைப் பற்றிக் கேட்கவில்லை.

இப்போது காலம் கொஞ்சம் நகர்ந்திருக்கிறது. 2018 ஜனவரியில் முதல் நிகழ்ச்சி நடத்திய கேஸ்ட்லெஸ் கலெக்டிவ் குழுவில் ஒரே பெண்ணாக இசைவாணி கானா பாடினார். கானா ஆண்களின் கலை என்றிருந்த இடம் அது. 2021இல் ‘எஞ்சாயி எஞ்சாமி’ வந்தபோது பெயர் யாருக்கு, அட்டையில் யார் படம் என்று ஊரே வாதாடியது. நல்லதுதான். அந்த வாதத்தில் அறிவின் பாட்டி வள்ளியம்மாளின் பெயரும் அடிபட்டது. இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்த ஒரு கிழவியின் பெயர் பாட்டோடு சேர்ந்து உச்சரிக்கப்பட்டதைக் கேட்டுத்தான் நான் மேல்தட்டில் இருந்த பிஸ்கட் டின்னை இறக்கினேன்.

கேசட்டுகளில் மூன்றில் பூஞ்சை பிடித்திருந்தது. ஒன்பதாவது தப்பியிருந்தது. பழைய டெக் ஒன்றை வாங்கிக் கணினியில் ஏற்றினேன். போன வருடம் ஊத்துக்குளிக்குப் போனேன். அக்கா கம்பெனிக்குப் போவதை நிறுத்திவிட்டார். வீட்டில் உட்கார்ந்து பீஸ் கணக்கில் பிசிறு வெட்டுகிறார். கணவர் இறந்து மூன்று வருடம் ஆகியிருந்தது. பதினொரு பாட்டையும் அவர் பெயரில், பாடல் – மெட்டு – குரல் என்று மூன்றுக்கும் அவர் பெயரையே போட்டுச் சின்னத் தொகுப்பாகக் கொண்டுவரலாம் என்று சொன்னேன். ஏதோ கடனைத் திருப்பிக் கொடுக்க வந்தவளைப் போலப் பேசினேன் என்று நினைக்கிறேன்.

“இப்ப வேண்டாம் அம்மிணி. பேத்திக்கு மாப்பிள்ளை பாத்துட்டு இருக்கறோம். பாட்டுக் கட்டி ஊரச் சிரிக்க வெச்ச கெழவின்னு பேரு வேற வேணுமா? அது முடியட்டும், அப்பறம் போடு.” அதனால்தான் இந்தக் கட்டுரையிலும் அவர் பெயர் இல்லை. இம்முறை அது அவர் முடிவு.

ஏழாவது பாட்டை மட்டும் கைப்பேசியில் இரண்டு தடவை போட்டுக் கேட்டார். சிரித்த இடத்தில் இப்போது சிரிக்கவில்லை. அந்தப் பாட்டு வேண்டாம் என்று சொல்லப்போகிறார், இறந்த மனிதரைப் பாடுவது பாவம் என்பார் என்று காத்திருந்தேன். அவர் சொன்னது வேறு. மூன்றாம் கண்ணியில் ஒரு வார்த்தை சரியில்லையாம். அன்றைக்கு அவசரத்தில் வாய்க்கு வந்ததைப் போட்டுவிட்டாராம், பல நாள் கழித்துத்தான் சரியான சொல் கிடைத்ததாம். கத்தரியைக் கீழே வைத்தார். கிண்ணம் ஒன்றைக் கவிழ்த்து மடியில் வைத்துக்கொண்டு முழுப்பாட்டையும் புதுச்சொல்லோடு பாடினார். பதிவு செய்தேன். அது உண்மையிலேயே நல்ல சொல். கவிதை எழுதுகிற எனக்கு அது வந்திருக்காது.

“பழசை அழிச்சுப்போடு அம்மிணி” என்றார்.

சரிங்கக்கா என்று சொல்லிவிட்டு வந்தேன். இன்னும் அழிக்கவில்லை.